ஜிம்மில் சேராமலே உடற்பயிற்சி வகுப்புக்குப் போகலாம்

உடற்பயிற்சி வகுப்பு ஏதாவது ஒன்றுக்குப் போகலாம் என்றிருக்கிறேன் என்று யாரிடமாவது சொல்லிப் பாருங்கள், "எந்த ஜிம்?" என்றுதான் அடுத்த கேள்வி வரும். ஜும்பாவோ யோகாவோ பாக்ஸிங்கோ, எதற்கு ஆசைப்பட்டாலும் முதலில் ஒரு வருடச் சந்தா கட்டி, ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டு, மாதாமாதம் வங்கிக் கணக்கிலிருந்து தானாகப் பணம் எடுத்துக்கொள்ள அனுமதியும் கொடுத்த பிறகுதான் கையைக் காலை அசைக்க முடியும் என்று நிறையப் பேர் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். ஜிம் விற்பது ஒரு கட்டடத்துக்குள் நுழையும் உரிமையை. உங்களுக்கு வேண்டியதோ ஒரு மணி நேரம், சொல்லிக்கொடுக்க ஒரு ஆள், கூடச் சேர்ந்து வியர்க்க நாலு பேர். இது தனியாகவே கிடைக்கிறது, பல சமயம் இன்னும் நன்றாகவே கிடைக்கிறது.

"பணத்தைக் கட்டிவிட்டால் அந்தப் பயத்திலாவது போவேன்" என்று சொல்பவர்கள் உண்டு. அவர்களுக்காக ஒரு ஆய்வைச் சொல்கிறேன். ஸ்டெஃபானோ டெல்லாவிக்னா, உல்ரிக்கே மால்மெண்டியர் என்ற இரண்டு பொருளாதார அறிஞர்கள் அமெரிக்காவில் 3 ஜிம்களைச் சேர்ந்த 7,752 உறுப்பினர்களின் வருகைப் பதிவை மூன்று ஆண்டுகளுக்கு எடுத்துப் பார்த்து, 2006-ல் கட்டுரையாக வெளியிட்டார்கள். 70 டாலருக்கு மேல் மாதச் சந்தா கட்டியவர்கள் சராசரியாக மாதத்துக்கு 4.3 தடவைதான் வந்திருக்கிறார்கள். ஒரு தடவைக்குக் கணக்குப் போட்டால் 17 டாலருக்கு மேல். அதே ஜிம்களில் 10 தடவைக்கான பாஸ் வாங்கியிருந்தால் தடவைக்கு 10 டாலர்தான் ஆகியிருக்கும். இன்னொன்று, மாதச் சந்தாக்காரர்கள் கடைசியாக ஜிம் பக்கம் தலைகாட்டிய நாளுக்கும் சந்தாவை ரத்து செய்த நாளுக்கும் நடுவில் சராசரியாக 2.3 மாதம் ஓடியிருக்கிறது. அத்தனை நாளும் பணம் போய்க்கொண்டேதான் இருந்தது. இதைச் சோம்பேறித்தனம் என்று தள்ளிவிட எனக்கு மனசு வரவில்லை. அடுத்த மாதம் நாம் இன்னும் சுறுசுறுப்பாக இருப்போம் என்று எல்லோருமே நம்புகிறோம், சந்தா விலை அந்த நம்பிக்கையின் மேல்தான் நிற்கிறது.

கட்டிய பணம் யாரையும் படுக்கையிலிருந்து எழுப்புவதில்லை என்பது நான் சுற்றிலும் பார்த்து வந்த முடிவு. செவ்வாய்க்கிழமை ஆறரை மணி என்ற குறிப்பிட்ட நேரம் எழுப்பும். போன வாரம் ஏன் வரவில்லை என்று பேர் சொல்லிக் கேட்கிற ஆசிரியர் எழுப்புவார். இந்த இரண்டையும் தேடிப் பிடியுங்கள். அதற்குச் சந்தா தேவையில்லை.

வீட்டிலேயே வீடியோ பார்த்துச் செய்தால் போதாதா என்று கேட்டால், போதும் என்கிறவர்களுக்குப் போதும். ஆனால் குனிந்து எடை தூக்கும்போது உங்கள் கீழ்முதுகு வளைகிறதா, ஸ்குவாட்டில், அதாவது நின்றபடி உட்கார்ந்து எழும் பயிற்சியில், முட்டி உள்பக்கம் சரிகிறதா என்பது திரைக்கு அந்தப் பக்கம் இருப்பவருக்குத் தெரியாது. நேரில் நிற்பவருக்கு ஒரு நொடியில் தெரிந்துவிடும். புதிதாகத் தொடங்குபவர்கள் முதல் சில மாதமாவது நேர் வகுப்புக்குப் போகச் சொல்லி நான் வற்புறுத்துவது இதற்காகத்தான்.

சரி, எங்கே தேடுவது. தேடுபொறியில் 'ஃபிட்னஸ் கிளாஸ்' என்று போட்டால் விளம்பரத்துக்குச் செலவு செய்கிற பெரிய ஜிம்கள்தான் மேலே வரும். தனியாக வகுப்பு எடுக்கும் ஆசிரியர்களில் பலருக்கு இணையதளமே இருக்காது, ஒரு வாட்ஸ்அப் குழுவோடு சரி. ஆனால் அவர்கள் எல்லோருக்கும் ஒரு இடம் வேண்டும், சமமான தரையும் நாலு சுவரும் உள்ள ஒரு ஹால், மணிக்கணக்கில் வாடகைக்கு. அதனால் ஹாலைத் தேடுங்கள், ஆசிரியர் தானாகக் கிடைப்பார். சமுதாயக் கூடம், உள்ளாட்சி நடத்தும் விளையாட்டு மையம், பள்ளிக்கூடத்து அரங்கம், வழிபாட்டுத் தலத்தை ஒட்டிய மண்டபம், நூலகம், நடனப் பள்ளி, கராத்தே சொல்லிக்கொடுக்கும் இடம் என்று மாலை நேரத்தில் விளக்கு எரிகிற எந்த இடமும் இதில் சேர்த்தி. பல்கலைக்கழகம் பக்கத்தில் இருந்தால் அதன் விளையாட்டுத் துறை வெளியாட்களையும் சில வகுப்புகளில் சேர்த்துக்கொள்கிறதா என்று கேளுங்கள். கேட்காமல் யாரும் சொல்ல மாட்டார்கள்.

அந்த மாதிரி ஹால்களின் வாசலில் ஒரு அறிவிப்புப் பலகை இருக்கும். அதைப் படிக்கவே ஒரு பழக்கம் வேண்டும். பளபளவென்று வண்ணத்தில் அச்சடித்து, ஓரம் வெளுத்து, போன வருடத்துத் தேதியோடு தொங்குகிற போஸ்டர் பெரும்பாலும் நின்றுபோன வகுப்பு. அதற்குக் கீழே சாதாரண வெள்ளைத் தாளில், '6.30' என்பதைப் பேனாவால் அடித்து '7' என்று எழுதி, ஓரத்தில் 'மேட் கொண்டு வரவும்' என்று கிறுக்கியிருக்கிறதே, அந்த வகுப்புக்குத்தான் உயிர் இருக்கிறது. யாரோ போன வாரம் வந்து அந்தத் தாளைத் தொட்டிருக்கிறார்கள். அதிலுள்ள எண்ணைப் படம் எடுத்துக்கொள்ளுங்கள். வரவேற்பில் யாராவது உட்கார்ந்திருந்தால் "இங்கே சாயங்காலம் எந்த வகுப்புக்குக் கூட்டம் வருகிறது?" என்று கேளுங்கள். தினமும் கதவைத் திறந்து விளக்கைப் போடுகிறவருக்கு எது நடக்கிறது, எது பேருக்கு நடக்கிறது என்பதெல்லாம் அத்துப்படி.

வகுப்பின் வகையைப் பொறுத்தும் தேடும் இடம் மாறும். ஜும்பாவை எடுத்துக்கொள்ளுங்கள். கொலம்பியாவைச் சேர்ந்த ஆல்பெர்டோ பெரெஸ் 1990-களில் தொடங்கிய இந்த நடனப் பயிற்சியில் உரிமம் ஆசிரியருக்குத்தான், கட்டடத்துக்கு இல்லை. அதனால் காலையில் ஜிம்மில் எடுக்கிற அதே ஆசிரியர் மாலையில் ஒரு மண்டபத்தில் தன் சொந்த வகுப்பை நடத்தலாம், ஜும்பாவின் தளத்திலேயே ஆசிரியர்களையும் வகுப்புகளையும் இடம் வாரியாகத் தேட முடியும். நியூசிலாந்தின் லெஸ் மில்ஸ் நிறுவனத்தின் வகுப்புகள் இதற்கு நேர்மாறு. பாட்டுக்கு ஏற்ப எடை தூக்கும் பாடிபம்ப் போன்றவற்றை நடத்த ஜிம்மும் உரிமம் வாங்கியாக வேண்டும், பயிற்சியாளரும் தேர்ச்சி பெற்றிருக்க வேண்டும், ஆகவே அதைப் பெரும்பாலும் ஜிம்முக்குள்தான் பார்ப்பீர்கள். அங்கேயும் ஒரு நாள் பாஸ் இருக்கிறதா, வகுப்புக்கு மட்டும் பணம் கட்டலாமா என்று வாய்விட்டுக் கேளுங்கள். விலைப் பட்டியலில் போட்டிருக்க மாட்டார்கள், கேட்டால் எடுத்துக் கொடுப்பார்கள்.

கிராஸ்ஃபிட் கூடங்களில் 'டிராப்-இன்' என்று ஒருநாள் வருகை உண்டு, ஆனால் அது பெரும்பாலும் ஏற்கெனவே பயிற்சி உள்ளவர்களுக்கு. புது ஆட்களை முதலில் ஒரு அடிப்படைப் பயிற்சி முடித்துவிட்டு வரச் சொல்வார்கள், அதில் நியாயம் இருக்கிறது, தலைக்கு மேல் எடையைத் தூக்குகிற விஷயம் அது. ரிஃபார்மர் பிலாட்டீஸும் அப்படித்தான், ஸ்பிரிங் வைத்த நகரும் பலகை மேல் பழக்கமில்லாமல் ஏறினால் சறுக்கும். கராத்தே, ஜூடோ, நடனம் இவையெல்லாம் பாடம் பாடமாக நகர்பவை, நடுவில் போய்ச் சேர்ந்தால் திருதிருவென்று விழிக்க வேண்டியிருக்கும், அதனால் அடுத்த தொகுதி எப்போது தொடங்குகிறது என்று கேட்டுக்கொண்டு போவது உத்தமம். யோகா, மேட் பிலாட்டீஸ், ஜும்பா, ஏரோபிக்ஸ், பல பயிற்சிகளை வரிசையாகச் சுற்றிச் செய்யும் சர்க்யூட் மாதிரியானவற்றில் பெரும்பாலும் எந்த நாளும் நுழையலாம்.

பணமே வேண்டாம் என்றாலும் வழி இருக்கிறது. பார்க்ரன் என்று ஒன்று உண்டு, அது வகுப்பு இல்லை, ஓட்டம். ஆனால் ஆட்களோடு சேர்ந்து உடம்பை அசைக்க அதைவிட எளிய வாசல் எனக்குத் தெரியாது. 2004 அக்டோபர் 2-ம் தேதி லண்டனில் புஷி பார்க்கில் பால் சிண்டன்-ஹூவிட் என்பவர் ஏற்பாடு செய்து 13 பேர் ஓடினார்கள். இன்று 20-க்கும் மேற்பட்ட நாடுகளில் வாரம் ஒருமுறை, பெரும்பாலும் சனிக்கிழமை காலையில், 5 கிலோமீட்டர். இணையத்தில் ஒரே ஒரு தடவை பதிவு செய்து பார்கோடு எடுத்துக்கொண்டால் போதும், எங்கே போனாலும் இலவசம். முழுக்க நடந்தே முடிக்கலாம். எல்லோருக்கும் பின்னால் வருவதற்கென்றே ஒரு தன்னார்வலரை நிறுத்தியிருப்பார்கள், அவர்தான் கடைசியில் கோட்டைத் தாண்டுவார், ஆகவே நீங்கள் கடைசி ஆளாக வர வாய்ப்பே இல்லை. கூச்சப்படுகிறவர்களை மனசில் வைத்து யாரோ உட்கார்ந்து யோசித்திருக்கிறார்கள், எனக்கு அது ரொம்பப் பிடித்திருக்கிறது. 2011-ல் பாஸ்டனில் முன்னாள் படகோட்ட வீரர்கள் இரண்டு பேர் குளிர்காலத்தில் ஒருவரை ஒருவர் எழுப்பிவிடத் தொடங்கிய நவம்பர் புராஜெக்ட்டும் இதே மாதிரி இலவசம்தான், திறந்த வெளியில், விடிகாலையில். ஓட்டக் காலணி விற்கும் கடைகள் வாரம் ஒருநாள் குழு ஓட்டம் நடத்துவதுண்டு. பூங்காக்களில் தாய்-சி செய்கிற குழுக்களைப் பார்த்தால் ஓரமாக நின்று கேளுங்கள், பெரும்பாலும் "வாங்க, சேர்ந்துக்குங்க" என்பார்கள்.

பணம் கொடுத்துப் போகிற வகுப்புகளுக்கு வருவோம். ஒரு வகுப்புக்கு ஒரு கட்டணம் என்று கொடுக்கும்போது அது அதிகமாகத் தெரியும். பத்து வகுப்பு பேக் வாங்கினால் குறையும், மாதச் சந்தா என்றால் இன்னும் குறையும் என்று பலகையிலேயே போட்டிருப்பார்கள், கை தானாக மலிவான பக்கம் போகும். போகவிடாதீர்கள். முதல் சில வாரம் ஒவ்வொன்றாகவே கொடுங்கள். அந்தக் கூடுதல் பணம் வீண் இல்லை, பிடிக்காத வகுப்பை விட்டு எந்த நிமிடமும் நடையைக் கட்டலாம் என்ற சுதந்திரத்துக்குக் கொடுக்கிற விலை. இதே ஆசிரியர், இதே நேரம், வாரம் எத்தனை நாள் உண்மையில் போகிறேன் என்பதெல்லாம் படிந்த பிறகு பேக் வாங்கலாம். அப்போதும் விலைக்கு முன்னால் காலாவதித் தேதியைப் பாருங்கள். பத்து வகுப்பை ஒரு மாதத்துக்குள் முடிக்க வேண்டும் என்றால் அது வேறு பேரில் வருகிற சந்தாவேதான். நீங்கள் போகிற வேகத்தில் முடிக்க ஆகும் காலத்தைப் போல் இரண்டு மடங்கு காலம் செல்லுபடியாகிற பேக் என்றால் காய்ச்சல், பரீட்சை, விருந்தாளி எல்லாம் வந்து போன பிறகும் வகுப்பு மிச்சம் இருக்கும். முதல் வகுப்பு இலவசம் என்கிறவர்களிடம் போங்கள், ஆனால் அதற்கு அட்டை எண்ணைக் கேட்டால் ஒரு நிமிடம் நின்று நிபந்தனைகளைப் படியுங்கள், டிரயல் முடிந்ததும் தானாகச் சந்தாவாக மாறுகிற ஏற்பாடுகள் உண்டு.

கிளாஸ்பாஸ் போன்ற செயலிகளைப் பற்றிக் கேட்கிறார்கள். பாயல் கடாகியா 2013-ல் தொடங்கியது அது. ஒரு சந்தா, பல ஸ்டூடியோ. ஒரு காலத்தில் அளவில்லாமல் போகலாம் என்ற திட்டம் இருந்தது, 2016-ல் அதை எடுத்துவிட்டார்கள். இப்போது சந்தாவுக்குப் புள்ளிகள் தருகிற கிரெடிட் முறை, கூட்டம் அதிகம் வருகிற மாலை வகுப்புக்குக் கிரெடிட் அதிகம், மதியத்துக்குக் குறைவு. கடைசி நேரத்தில் ரத்து செய்தால் அபராதம். இது கிடைக்கிற ஊரில் இருப்பவர்கள், இன்னும் எந்த வகை தனக்குப் பிடிக்கும் என்றே தெரியாதவர்கள், ஒன்றிரண்டு மாதம் சுற்றிப் பார்க்கத் தாராளமாகப் பயன்படுத்தலாம். ஆனால் இதுவும் மாதாமாதம் பணம் போகிற சந்தாதான் என்பது நினைவிருக்கட்டும். பிடித்த ஆசிரியர் கிடைத்ததும் அவரிடமே நேராகப் பணத்தைக் கொடுங்கள். இடைத்தரகு போகாமல் முழுதும் அவர் கைக்குப் போகும், உங்களுக்கும் கணக்கு எளிது.

முதல் நாள். பத்து நிமிடம் முன்னாலேயே போங்கள், புதிது என்று ஆசிரியரிடம் சொல்லுங்கள். நல்ல ஆசிரியர் உடனே "முதுகு, முட்டி, தோள் ஏதாவது தொந்தரவு உண்டா? மருந்து ஏதாவது எடுக்கிறீர்களா?" என்று கேட்பார். சில இடங்களில் கனடாவில் உருவான பார்-க்யூ என்ற 7 கேள்விகள் கொண்ட படிவத்தைக் கொடுப்பார்கள். இதயப் பிரச்சினை, நெஞ்சு வலி, தலைசுற்றல், எலும்பு மூட்டு, ரத்த அழுத்த மருந்து இதையெல்லாம் கேட்கிற படிவம் அது, 'இல்லை இல்லை' என்று கண்ணை மூடிக்கொண்டு டிக் அடிக்காமல் நிஜத்தை எழுதுங்கள். ஒன்றுக்காவது ஆமாம் என்று வந்தால் மருத்துவரைப் பார்த்துவிட்டு அப்புறம் தொடங்குவதுதான் முறை. கர்ப்பமாக இருந்தால் கட்டாயம் சொல்லுங்கள்.

எங்கே நிற்பது என்பதையும் சொல்லிவிடுகிறேன். எல்லோரும் கடைசி வரிசைக்கு ஓடுவார்கள். ஆனால் வகுப்பில் ஒரு தடவை "திரும்பி நில்லுங்கள்" என்று சொன்னதும் கடைசி வரிசைதான் முதல் வரிசை, முன்னால் பார்த்துச் செய்ய ஒருவரும் இருக்க மாட்டார்கள். இரண்டாவது வரிசையில் ஓரமாக நில்லுங்கள். ஆசிரியரும் தெரிவார், எந்தப் பக்கம் திரும்பினாலும் பார்த்துச் செய்ய ஒரு பழைய ஆள் இருப்பார்.

இனி ஆசிரியரைக் கவனியுங்கள், குறிப்பாக அவர் கண் எங்கே போகிறது என்று. சிலர் கண்ணாடியில் தன்னையே பார்த்துக்கொண்டு தன் பயிற்சியை அழகாகச் செய்துவிட்டுப் போவார்கள், பின்னால் இருப்பவர்கள் முடிந்ததைப் பின்பற்ற வேண்டும். இன்னும் சிலர் இரண்டு தடவை செய்து காட்டிவிட்டுத் தான் செய்வதை நிறுத்திவிட்டு வரிசைக்குள் நடக்க ஆரம்பிப்பார்கள். ஸ்குவாட்டில் ஒருவர் குதிகாலைத் தூக்குவதைப் பார்த்ததும் பக்கத்தில் வந்து நின்று, சத்தம் போடாமல், "பின்னால் ஒரு நாற்காலி இருக்கிறதாக நினைத்து உட்காருங்கள், பாதம் முழுக்கத் தரையில் இருக்கட்டும்" என்பார். அப்படியும் வரவில்லையென்றால் நிஜமாகவே ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு அதில் உட்கார்ந்து எழச் சொல்வார். தொட்டுத் திருத்துவதற்கு முன்னால் "தொடலாமா?" என்று கேட்பார். கஷ்டமான அசைவைச் சொல்லும்போதே அதன் எளிய வடிவத்தையும் சேர்த்துச் சொல்வார், நீங்கள் தடுமாறி விழும்வரை காத்திருக்க மாட்டார். இந்த மாதிரி ஆள் கிடைத்தால் ஹால் பழசாக இருந்தாலும் பரவாயில்லை, இரண்டு பஸ் மாறிப் போக வேண்டியிருந்தாலும் பரவாயில்லை. சான்றிதழைக் கேட்பதில் தப்பில்லை, யோகாவில் 200 மணி நேரப் பயிற்சி முடித்தவர் என்று போட்டிருப்பார்கள். ஆனால் அது தொடக்க நிலைத் தகுதி. வரிசைக்குள் நடக்கிறாரா என்பதை நான் அதற்கு மேலே வைப்பேன்.

ஒரு எச்சரிக்கை, இதை லேசாக எடுத்துக்கொள்ள வேண்டாம். மறுநாள் உடம்பு வலிப்பது சகஜம், இரண்டு மூன்று நாளில் குறைந்துவிடும். ஆனால் பழக்கமே இல்லாதவர்கள் முதல் நாளே ஸ்பின் சைக்கிள் வகுப்பிலோ கடுமையான சர்க்யூட் வகுப்பிலோ எல்லோருக்கும் ஈடுகொடுக்கப் பார்த்து, தசை சிதைந்து சிறுநீரகம் பாதிக்கப்பட்ட நிகழ்வுகள் மருத்துவ இதழ்களில் பதிவாகியிருக்கின்றன. வலி தாங்க முடியாமல் போய், தசை வீங்கி, சிறுநீர் அடர் பழுப்பு நிறத்தில் போனால் அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டும். முதல் வகுப்பில் பாதியில் உட்கார உங்களுக்கு முழு உரிமை உண்டு. உட்கார்ந்தவரை முறைக்கிற ஆசிரியரிடம் இரண்டாவது தடவை போகாதீர்கள்.

வாரத்துக்கு எவ்வளவு தேவை என்று பார்த்தால், உலக சுகாதார நிறுவனம் 2020-ல் வெளியிட்ட வழிகாட்டுதல் பெரியவர்களுக்கு வாரம் 150 முதல் 300 நிமிடம் மிதமான உழைப்பு, அல்லது 75 முதல் 150 நிமிடம் கடுமையான உழைப்பு, அதோடு இரண்டு நாளாவது தசைக்கு வலுவூட்டும் பயிற்சி என்கிறது. ஒரு மணி நேர வகுப்பு இரண்டு, இரண்டிலும் கொஞ்சம் எடையோ பலமோ சேர்ந்திருக்கட்டும், மிச்சத்துக்கு வேகநடை. இவ்வளவுதான். இதற்கு நாள் முழுக்கத் திறந்திருக்கும் கட்டடம் எதற்கு?

அதற்காக ஜிம்மே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. பார்பெல்லில் வாராவாரம் எடையைக் கூட்டிக்கொண்டே போகிறவர்கள், நீச்சல் குளம் வேண்டுபவர்கள், வாரத்தில் நாலைந்து நாள் வகுப்புக்குப் போகும் பழக்கம் ஏற்கெனவே வந்துவிட்டவர்கள், இவர்களுக்குச் சந்தாவே லாபம். போவேன் என்கிற கணக்கை விட்டுவிட்டு, கடந்த சில மாதம் உண்மையில் போன கணக்கை வைத்து முடிவெடுங்கள்.

கடைசியாக, சின்ன வகுப்புகளுக்குப் போகிறவர்கள் தெரிந்துகொள்ள வேண்டியது ஒன்று. ஹாலுக்கான வாடகையை ஆசிரியர் முன்கூட்டியே கட்டியிருப்பார். பத்துப் பேர் வருவதாகச் சொல்லி மூன்று பேர் வந்தால் அன்றைய வாடகை அவர் கையைக் கடிக்கும், நாலைந்து வாரம் அப்படியே போனால் நல்ல வகுப்பும் சத்தமில்லாமல் நின்றுவிடும். சந்தா இல்லை என்பதால் நமக்கு எந்தக் கட்டாயமும் இல்லை, சரி, ஆனால் வர முடியாத நாளில் முந்தின இரவே "நாளைக்கு வரவில்லை" என்று ஒரு வரி அனுப்பிவிடலாம். பிடித்த வகுப்பென்றால் தெரிந்தவர் ஒருவரையும் கூட்டிக்கொண்டு போகலாம்.